யார் பிழை?

கங்கா காவேரி வண்டியில் இடம் பிடிப்பது எத்துணைப் பெரிய வீரச்செயல் என்பதை இங்குப் பயிலும் தமிழ் மாணவர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சென்ற பொங்கல் விடுமுறைக்கு அந்த வீரச்செயலைப் புரிந்து, காசியில் ஏறி, மூட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அமர்ந்தேன். எதிர்ப் பலகையில் காஜிப்பூரிலேயே ஏறியிருந்த குடும்பம் ஒன்று: கணவன், மனைவி, கிழவி ஒருத்தி, இரண்டரை வயதுப் பையன்.

பையன் சிரித்த முகத்தான். என் செருப்பை எடுத்துத் தன் சிறு காலில் மாட்டிக்கொள்வான். வண்டியின் நடைவழியில் நாலடி நடப்பான். நடந்தவன் திடீரென்று குந்தி உட்கார்ந்துவிடுவான், முழங்கால் இரண்டையும் மார்போடு ஒட்டிக்கொண்டு. சற்று நேரம் மூச்சு வாங்கும். பிறகு எழுவான்; மறுபடியும் நாலடி; மறுபடியும் குந்துவான். தேநீர் விற்பவன் வழியை விடச் சொல்லி அதட்டினான். மேல் பலகையிலிருந்த பெரியவர், "சோம்பேறிப் பிள்ளை" என்றார். நானும் அப்படித்தான் எண்ணினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பிறகுதான் அவன் உதட்டைக் கவனித்தேன். நாவற்பழம் தின்ற உதடுபோல் நீலம் பாரித்திருந்தது. விரல் நுனிகள் முரசு கொட்டும் கோலின் முனைபோல் உருண்டு தடித்திருந்தன.

நான் தமிழன் என்று தெரிந்ததும் தகப்பன் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தான். "பையா, காட்பாடி எங்கே? வேலூருக்கு எப்படிப் போக வேண்டும்?" காகிதங்களைப் புரட்டினேன். இரண்டு ஆண்டுகளாக எழுதித்தந்த மருந்துச் சீட்டுகள். இருமல் மருந்து, சளிக்கு மருந்து, ஊட்டத்துக்கு டானிக், மீண்டும் இருமல் மருந்து. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கு வேண்டாம், ஒன்றல்ல, நாலைந்து. கடைசித் தாள் ஒன்றுதான் உண்மையைச் சொல்லிற்று. இரண்டு மாதங்களுக்கு முன்பு யாரோ ஒரு மருத்துவர் எக்கோ என்னும் படம் எடுக்கச் செய்து, "பிறவி இதய நோய்" என்று எழுதியிருந்தார்.

கிழவி சொன்னாள்: "இவள் ஏழு மாதமாயிருந்தபோது கிரகணத்தன்று கத்தியை எடுத்துக் காய் நறுக்கினாள். சொன்னால் கேட்டால்தானே?" மருமகள் ஒன்றும் பேசவில்லை. சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை நாளுக்கு மேற்பட்ட அந்தப் பயணத்தில் அவள் என்னிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை. ஆனால் இந்தக் கட்டுரையை எழுதச் செய்தது அவள் முகம்தான்.

நான் பௌதிகம் பயில்பவன், மருத்துவம் அறியேன். விடுமுறை முடிந்து வந்ததும், மருத்துவக் கல்வி பயிலும் நம் சங்க நண்பர் ஒருவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் நூல்களைத் தந்தார். புரியாத இடங்களைச் சுண்ணக்கட்டியால் தரையிலே வரைந்து காட்டினார். இக்கட்டுரையில் சரியாக இருப்பவை அவருடையவை. கோபம் மட்டும் என்னுடையது.

தஞ்சைப் பக்கம் பிறந்தவர்க்கு மதகும் வாய்க்காலும் தெரியும். அப்படியே எண்ணிப் பாருங்கள். தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதற்குப் பிராணவாயு தாயின் இரத்தத்திலிருந்து கொப்பூழ்க்கொடி வழியே வருகிறது. ஆகவே நுரையீரல் வயலுக்கு நீர் பாய வேண்டிய தேவை இல்லை. இயற்கை இரண்டு குறுக்கு வழிகளை வெட்டி வைத்திருக்கிறது. ஒன்று, இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் கதவிட்ட துளை. மற்றொன்று, நுரையீரலுக்குச் செல்லும் குழாயையும் உடம்புக்குச் செல்லும் பெருங்குழாயையும் இணைக்கும் சிறு கால்வாய். குழந்தை பிறந்து வீறிட்டு அழுகிறதே, அந்த முதல் அழுகையில் நுரையீரல் விரிகிறது. துளையின் கதவு சாத்திக்கொள்கிறது. இரண்டு மூன்று நாளில் கால்வாயும் சுருங்கி மூடிவிடுகிறது. எந்தப் பொறியியல் வல்லுநனும் இத்தனை விரைவில் ஓர் ஆற்றின் போக்கை மாற்றியதில்லை.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவற்றுள் எட்டு அல்லது ஒன்பது குழந்தைகளுக்கு இந்த அமைப்பில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. நடுச்சுவரில் ஓட்டை, மூட வேண்டிய கால்வாய் மூடாமை, வால்வு குறுகியிருத்தல், இரு பெருங்குழாய்களும் இடம் மாறி முளைத்திருத்தல் என்று வகைகள் பல. சில ஓட்டைகள் தாமே அடைந்துவிடும். அவற்றைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. சிலவோ குழந்தையை ஒரு வாரத்தில் கொண்டுபோய்விடும். இந்தப் பையனுக்கு இருந்தது, 1888ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மார்செய் நகர மருத்துவர் ஃபலோ விளக்கி எழுதிய நான்கு குறைகளின் கூட்டு. கீழறைகளுக்கு நடுவே ஓட்டை. நுரையீரலுக்குச் செல்லும் வழி குறுகல். பெருந்தமனி இரு கீழறைகளுக்கும் பொதுவாக ஓட்டையின் மேல் அமர்ந்திருத்தல். வலக்கீழறை உழைத்து உழைத்துத் தடித்துப் போதல். நுரையீரலுக்குப் போக முடியாத கெட்ட இரத்தம் ஓட்டை வழியே நல்ல இரத்தத்தோடு கலந்து உடம்பெங்கும் ஓடுகிறது. நீலம் அதனால்தான்.

அவன் ஏன் குந்தினான்? குந்தும்போது கால்களுக்குச் செல்லும் குழாய்கள் நெருக்குண்டு, உடம்பின் பக்கம் செல்லும் வழியில் தடை கூடுகிறது. அப்பக்கம் எளிதாகப் போக முடியாத இரத்தம், குறுகிய வழியாயினும் நுரையீரலை நோக்கித் திரும்புகிறது. மூச்சு சற்று வருகிறது. யாரும் சொல்லிக்கொடாமல் இரண்டரை வயதுப் பாலகன் தானே கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம் அது! அதைத்தான் நாங்கள் சோம்பல் என்றோம்.

கிரகணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கருவில் இதயத்தின் நான்கு அறைகளும் எட்டாம் வாரத்துக்குள் அமைந்துவிடுகின்றன. அதாவது, தான் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் உறுதியாக அறியுமுன்பே, நன்மையோ குறையோ, வேலை முடிந்துவிடுகிறது. ஏழாம் மாதத்தில் வானத்தில் நடந்த ஒன்று, ஐந்து மாதங்களுக்கு முன்பே கட்டி முடிந்த வீட்டின் சுவரை எப்படி ஓட்டை செய்யும்? அந்தக் கிழவியிடம் இதைச் சொல்ல அப்போது எனக்கு அறிவு போதவில்லை. இப்போது சொல்கிறேன்; கேட்க அவள் இங்கு இல்லை.

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏன் இக்குறை வந்தது என்று காட்ட ஒரு காரணமும் அகப்படுவதில்லை. அகப்படும் சிலவற்றை அறிந்திருப்பது நல்லது. தாய்க்கு முன்னமே உள்ள நீரிழிவு ஒன்று. கருவுற்ற தொடக்கத்தில் வரும் ரூபெல்லா அம்மை மற்றொன்று; 1941ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்ணில் புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார்க்கு இந்த அம்மை கண்டிருந்ததைக் கவனித்தார்; அக்குழந்தைகளில் பலருக்கு இதயமும் பழுது. 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் நாட்டில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஊசி போடத் தொடங்கியபோது முதலில் தொடங்கிய சில மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. அப்போது வாட்சாப்பில் ஓடிய புரளியை நம்பிப் பிள்ளைகளை அன்று பள்ளிக்கு அனுப்பாத படித்த பெற்றோர்கள் என் தெருவிலேயே உண்டு. காஜிப்பூர்க் கிழவியை நாம் எள்ளி நகையாட வேண்டாம். மாமன் மகளையும் அக்காள் மகளையும் "உரிமைப் பெண்" என்று மணக்கும் வழக்கமும் நம்முடையதே. அத்தகைய மணங்களில் பிறக்கும் குழந்தைகளிடையே இதயக் குறை சற்று மிகுதி என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைச் சொன்னால் நம் விடுதியில் சிலர் முகம் சுளிப்பார்கள்; சுளிக்கட்டும்.

இந்தக் குறையைக் கத்தியால் திருத்தலாம் என்று உலகம் நம்பத் தொடங்கி இன்னும் நூறாண்டு ஆகவில்லை. 1938ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்னும் இளம் மருத்துவர், மூடாத கால்வாய் ஒன்றைக் கட்டி மூடினார். தலைமை மருத்துவர் விடுமுறையில் போயிருந்த சமயம் பார்த்து! ஆனால் நீலக் குழந்தைகளுக்கு விடிவு வந்தது 1944ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், பால்டிமோர் நகர ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில். அதில் மூவர் பங்கு உண்டு. ஹெலன் டாசிக் என்னும் அம்மையார் காது கேளாதவர்; குழந்தைகளின் நெஞ்சில் விரல்களை வைத்து இதயத்தின் ஓசையைத் தொட்டுணர்ந்தவர். நுரையீரலுக்கு வேறொரு குழாயிலிருந்து இரத்தத்தைத் திருப்பிவிட்டால் என்ன என்று கேட்டவர் அவர். கத்தி பிடித்தவர் ஆல்பிரட் பிளாலக். மூன்றாமவரைப் பற்றித்தான் மாணவர்களாகிய நமக்குச் சொல்ல வேண்டும்.

விவியன் தாமஸ் கறுப்பர் இனத்தவர். மருத்துவம் படிக்க வேண்டுமென்று தச்சு வேலை செய்து பணம் சேர்த்தார். 1929க்குப் பின் வந்த பொருளாதார வீழ்ச்சியில் வங்கியோடு அந்தப் பணமும் போயிற்று. பிளாலக்கின் ஆய்வுக்கூடத்தில் சிப்பந்தியாகச் சேர்ந்தார். துப்புரவாளர் என்ற பெயரில் சம்பளம், செய்ததோ ஆராய்ச்சி. நாய்களின் மீது அந்த அறுவையை மீண்டும் மீண்டும் செய்து முறையைச் செம்மைப்படுத்தியவர் அவரே. முதற் குழந்தைக்கு அறுவை நடந்த அன்று, பிளாலக்கின் பின்னால் ஒரு மணையின்மேல் நின்று, ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னார். அக்குழந்தை சில மாதங்களே பிழைத்திருந்தது. ஆயினும் அதன் பின்னே வந்த ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தார்கள். புகழ் பிளாலக்குக்கும் டாசிக்குக்கும் போயிற்று. அதே பல்கலைக்கழகம் தாமஸுக்கு மதிப்பியல் டாக்டர் பட்டம் வழங்கியது 1976ஆம் ஆண்டில்!

நம் நாட்டில் 1960களின் தொடக்கத்தில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் திறந்த இதய அறுவை நடந்தது. அங்குப் பணியாற்றிய டாக்டர் கோபிநாத் பின்னர் டில்லி அகில இந்திய மருத்துவ நிலையத்தில் இத்துறையை வளர்த்தார். இன்று ஃபலோ கூறிய நான்கு குறைகளையும் ஒரே அறுவையில் சரிசெய்கிறார்கள். கால்வாயையும் சில ஓட்டைகளையும் அடைக்கக் கத்தியே வேண்டாம். தொடைக் குழாய் வழியே ஒரு சிறு மூடியைச் செலுத்திவிடுகிறார்கள்.

அப்படியானால் குறை எங்கே? இந்தியாவில் ஆண்டுதோறும் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இதயக் குறையோடு பிறப்பதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர்க்கு முதல் ஆண்டிலேயே சிகிச்சை வேண்டும். செய்யத் தெரிந்த கைகள் நாட்டில் உண்டு. போதவில்லை, அவையும் தெற்கிலும் சில பெருநகரங்களிலும் குவிந்து கிடக்கின்றன என்பது உண்மை. ஆனால் என் வாதம் அதற்கு ஒருபடி முன்னே தொடங்குகிறது. கை இருந்து என்ன? கண் இல்லையே! குழந்தைக்கு நோய் இருக்கிறது என்று யாரும் கண்டுபிடிக்காமலே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். சில குறைகளில் அந்தச் சிறு கால்வாய் திறந்திருக்கும் வரை குழந்தை நலமாகவே தோன்றும். தாயும் சேயும் வீடு போவார்கள். இனிப்பு வழங்குவார்கள். மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ கால்வாய் மூடும். குழந்தை பால் குடிக்க மறுக்கும், வெளிறும், விடிவதற்குள் முடிந்துவிடும். "நல்லாத்தான் இருந்தது, என்னவோ தோஷம்" என்பார்கள். கால்வாயைத் திறந்தே வைத்திருக்கும் மருந்து 1970களிலேயே கண்டறியப்பட்டுவிட்டது. ஆனால் நோய் இருப்பது தெரிந்தால்தானே மருந்து?

இங்கே என் பௌதிகம் வருகிறது. பிராணவாயு ஏற்ற இரத்தம் சிவப்பு ஒளியை விடுகிறது, அகச்சிவப்பு ஒளியை மிகுதியாக விழுங்குகிறது. ஏற்காத இரத்தம் இதற்கு மாறாக நடக்கிறது. விரலின் ஒருபுறம் இரு ஒளிகளையும் செலுத்தி, மறுபுறம் எவ்வளவு வருகிறது என்று அளந்தால் கணக்குக் கிடைக்கும். ஆனால் தோலும் எலும்பும் குறுக்கிடுமே? ஜப்பானியப் பொறியியலாளர் தாக்குவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் அதற்கு வழி கண்டார். நாடித்துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் கணக்கில் கொள். அசையாதது எலும்பும் தோலும், துடிப்பது இரத்தம். எவ்வளவு அழகான எண்ணம்! அதுதான் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். கொரோனாக் காலத்தில் 2020லும் 2021லும் நாம் ஒவ்வொருவரும் விரலில் மாட்டிக்கொண்டு, எண் 94க்குக் கீழே இறங்கினால் நடுங்கினோமே, அதே கருவி. உலகமெல்லாம் அதைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில்தான் அவோயாகி காலமானார்.

குழந்தை பிறந்து 24 மணி நேரம் கழித்து, வலக்கையிலும் ஒரு காலிலும் அந்த ஒளியைக் கட்டிப் பார்க்க வேண்டும். சில நிமிட வேலை. ஊசி இல்லை, இரத்தம் எடுப்பதில்லை. 90க்குக் கீழே இருந்தால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். 95க்கும் அதற்கும் இடையே நின்றாலோ, கைக்கும் காலுக்கும் வேறுபாடு மிகுந்தாலோ மறுபடி பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டு இதனை எல்லாப் பிறந்த குழந்தைகளுக்கும் பரிந்துரைத்தார்கள். கட்டாயமாக்கிய மாநிலங்களில், கடுமையான இதயக் குறையால் நேரும் சிசு மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2017இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் நாட்டிலோ எல்லாப் பிரசவ விடுதிகளிலும் இச்சோதனை நடைபெறுவதில்லை. நம் விடுதி அறை இழுப்பறைகளில் எத்தனை ஆக்ஸிமீட்டர்கள் மின்கலம் தீர்ந்து கிடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். என் தளத்தில் மட்டும் ஏழு. பெரியவர்களின் விரலுக்கான அவை பச்சிளங்குழந்தைக்குப் பொருந்தா. அதற்கென்று மெல்லிய பட்டை வேண்டும். அதுவும் எட்டாத பொருளன்று.

இதைச் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் சொன்னபோது நண்பர்கள் விடவில்லை. "கண்டுபிடித்து என்ன பயன், அறுவைக்கு எங்கே போவான் ஏழை?" என்றார் ஒருவர். அறியாமல் சாவதைவிட அறிந்து அலைவது மேல் என்று மட்டும் நான் சொல்லவில்லை. எங்கே எத்தனை குழந்தைகள் என்ற கணக்கே இல்லாத இடத்துக்கு எந்த அரசு அறுவை மன்றம் கட்டும்? 2013ஆம் ஆண்டு முதல் பிறவிக் குறைகளைக் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சை அளிக்க "ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம்" என்னும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. இதயக் குறையும் அதில் அடங்கும். கேரளத்தில் 2017இல் தொடங்கிய "ஹிருதயம்" திட்டத்தில், குறையுள்ள குழந்தையின் பெயரைப் பதிந்தால், அவசரத்துக்கு ஏற்ப எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறார்கள். பட்டியல் வந்தது, வழி பிறந்தது.

"ஒரு நாள் கழித்துப் பார்க்க வேண்டும் என்கிறாய், இந்தப் பக்கம் பல தாய்மார் அதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விடுகிறார்களே" என்றார் மருத்துவ நண்பர். இது வலிவான மறுப்பு. நான் மழுப்ப விரும்பவில்லை. அவர்களைப் போகும் முன்னாவது பார்த்து அனுப்பலாம், சில தவறான எச்சரிக்கைகள் எழும், எழட்டும். கருத்த தோலில் இக்கருவி உள்ளதைவிடச் சற்று உயர்வாகக் காட்டக்கூடும் என்பதையும் அவரே சொன்னார். ஓட்டை மட்டும் உள்ள குழந்தைகளை இது காட்டாது. பெருந்தமனி குறுகிய சிலரையும் தவறவிடும். நம் காஜிப்பூர்ப் பையனைப் போன்றவர்களில்கூடச் சிலர் பிறந்தபோது நீலமாக இருப்பதில்லை. ஆகவே அவனை இது காட்டியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அவனுக்காக இரண்டு ஆண்டுகளில் எழுதப்பட்ட அத்தனை சீட்டுகளில் ஒன்றிலேனும் பிராணவாயு எவ்வளவு என்று ஓர் எண் இருந்திருந்தால்? நீல உதட்டைப் பார்த்தும் இருமல் மருந்து எழுதிய கைகளை நான் எப்படி மன்னிப்பேன்? பிழை தாயினுடையது அன்று, கிரகணத்தினுடையதும் அன்று. பார்க்க வேண்டிய இடத்தில் பாராதவர்களுடையது.

"இது அரசின் வேலை, நமக்கென்ன" என்பதற்கு மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. இந்தப் பகுதியிலிருந்து நோயாளிகள் சென்னைக்கும் வேலூருக்கும் சென்றவண்ணம் இருக்கிறார்கள். நாம் ஏறும் அதே வண்டியில், நமக்கு எதிர்ப் பலகையில். அவர்கள் மொழியும் நமக்குத் தெரியும், போகுமிடத்து மொழியும் தெரியும். ஒரு கடிதம் எழுதித்தர, காட்பாடிக்கு வழி சொல்ல, ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைப் படித்துக் காட்ட நம்மைவிடத் தகுந்தவர் யார்? சங்க நிதியில் ஆண்டுதோறும் பொன்னாடைக்குச் செலவிடும் தொகையில் எத்தனை காலுக்குப் பட்டை வாங்கலாம் என்று பொருளாளர் கணக்குப் பார்க்கட்டும். பிரசவ விடுதியில் பயிற்சிக்குச் செல்லும் மருத்துவ மாணவர்கள் நம்மில் அறுவர் இருக்கிறார்கள்.

சென்னை சென்ட்ரலில் அவர்களைக் காட்பாடி வண்டியில் ஏற்றிவிட்டு, என் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மாசிக் கடைசியில் அழைப்பு வந்தது. அறுவை முடிந்து ஊர் திரும்பிவிட்டார்களாம். பையன் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறானாம். ஓடி முடித்தும் குந்துவதில்லையாம். தகப்பன் சற்றுத் தயங்கினான். "பையா, வீட்டில் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். அதற்கும் இப்படி இருக்குமோ? எங்கே காட்டுவது?"

ஒரு குழந்தைக்கு இருந்தால் அடுத்ததற்கும் வருவதற்கான வாய்ப்பு, குறைவே ஆயினும், மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல். ஐந்தாம் மாத வாக்கில் வயிற்றிலிருக்கும்போதே இதயத்தை எக்கோவில் பார்க்கலாம். இதை நண்பரிடம் கேட்டுச் சொன்னேன். பிறந்த பிறகு அவர்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அந்த ஒளிக்கருவி இருக்குமா என்றும் அவன் கேட்டான். அதற்கு எங்கள் இருவரிடமும் விடையில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் காஜிப்பூர் போய் நேரிலேயே கேட்டு வருவதென்று முடிவு செய்திருக்கிறோம். உடன் வர விரும்புவோர் சனிக்கிழமை மாலைக்குள் என் அறையில் சொல்லிவிடுங்கள்.